இழுத்து வந்த காலிப் படகு

“டீச்சர், காலிப் படகை எப்படி இழுக்கணும்?”

கயாக் ஓட்டப் படிக்க வந்த முதல் நாள் காலையில், கால் நனைவதற்கு முன்னாலேயே கனகவேல் கேட்ட கேள்வி இது.

மற்றவர்கள் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சுறா வருமா என்று கேட்பார்கள். பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். இந்த மனுஷர் காலிப் படகைக் கேட்கிறார்.

டெல்பின் டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“முதல்ல உங்க படகு நேரா போகட்டும் சார்.”

அவ்வளவுதான். துடுப்பை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

‘கேள்வியைத் தட்டிக் கழிக்கிறா’ என்று கனகவேல் மனதில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிமுனை என்பது பாக் கடலோரம் ஒரு சின்ன ஊர். கரையில் ஓர் ஓலைக் கொட்டகை, அதில் பத்து கயாக்குகள். ஒவ்வொன்றும் ஒரே ஓர் ஆள் உட்காருகிற ஒடிசலான படகு. அங்கே டெல்பின் டீச்சர் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார். வயது நாற்பத்திரண்டு. அதிகம் பேச மாட்டார். ஒன்றைக் கேட்டால் வாயால் பதில் வராது, வேறு எதையாவது செய்யச் சொல்வார். சிலருக்கு அது பிடித்துப்போய் வருஷா வருஷம் வருவார்கள். சிலர் மறுநாளே பஸ் ஏறிவிடுவார்கள்.

கனகவேலுக்கு வயது ஐம்பத்து நான்கு. டீச்சரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த மாணவர். ஊர் விருதுநகர். முப்பது வருஷமாக இன்சூரன்ஸ் சர்வேயர். எரிந்துபோன கடை, கவிழ்ந்த லாரி, களவுபோன நகை, எதைப் போய்ப் பார்த்தாலும் அவருக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான். இதில் பொய் எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் இருக்கும். அந்த வேலையின் கேடே அதுதான்.

அவர் கயாக் படிக்க வரவில்லை. தம்பிக்காக வந்திருந்தார்.

தம்பி நடேசன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நாலு வருஷமாக லீவு கிடைத்தால் வெள்ளிமுனைக்கு ஓடிவருவார். போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, டீச்சரும் நடேசனும் ஆளுக்கொரு கயாக்கில் கடலுக்குள் போனார்கள். ஏழரை மணிக்குக் கடும் மழை இறங்கியது. சாயங்காலம் ஆறரைக்கு டீச்சர் மட்டும் கரைக்கு வந்தார்.

அவருக்குப் பின்னால், கயிற்றில் கட்டியபடி, நடேசனின் மஞ்சள் கயாக் காலியாக வந்தது.

மூன்று மாதம் ஆகிவிட்டது. நடேசன் கிடைக்கவில்லை.

நடேசனின் மனைவி சிவகாமி வீட்டில் எந்தச் சடங்கையும் செய்ய விடவில்லை. கனகவேலிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

“அவரைத் தேடிட்டு வந்தாளா, விட்டுட்டு வந்தாளா? அதை மட்டும் தெரிஞ்சுட்டு வாங்க அத்தான். தெரியாம நான் காரியத்துக்கு உட்கார மாட்டேன்.”

கனகவேலுக்கு விடை ஏற்கெனவே தெரியும். அப்படித்தான் அவர் நினைத்தார். பையின் அடியில் ஒரு புகார் மனு இருந்தது. ‘என் தம்பியை வேண்டுமென்றே நடுக்கடலில் கைவிட்டு’ என்று தொடங்கும் மூன்று பக்கம். கையெழுத்து மட்டும் பாக்கி. ஒரே ஒரு ஆதாரம் கையில் சிக்கினால் போட்டுவிடலாம். அதோடு இந்தப் படகுப் பள்ளிக்கூடம் மூடிக்கொள்ளும், டீச்சர் கோர்ட்டு வாசலில் நிற்பார்.

கணக்கு அவருக்குச் சுத்தமாக இருந்தது. பகல் முழுவதும் தேடினேன் என்று டீச்சர் போலீஸில் சொல்லியிருந்தார். தேடுகிறவர் காலிப் படகை ஏன் இழுக்க வேண்டும்? அவிழ்த்துவிட்டால் வேகமாகப் போகலாமே. ஆளைத் தேடுகிறவருக்குப் படகு ஒரு சுமை. படகைக் காப்பாற்றுகிறவருக்குத்தான் கயிறு வேண்டும்.

எந்த சர்வேயரும் இங்கேதான் விரலை வைப்பான்.

*

ஒரு வாரம் கனகவேல் தண்ணீரில் தடுமாறினார். கண் மட்டும் கரையில் இருந்தது.

கொட்டகையில் மஞ்சள் கயாக்கைக் கண்டுபிடித்தார். தனியாக ஒரு மூலையில், சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தது.

“இதை ஏன் டீச்சர் கழுவி வெச்சிருக்கீங்க?”

“உப்பு நின்னா இரும்பெல்லாம் அரிச்சிடும் சார்.”

‘எல்லாத்துக்கும் பதில் ரெடியா வெச்சிருக்கா’ என்று நினைத்தார்.

“அன்னைக்கு என்னதான் நடந்தது?” என்று இன்னொரு நாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டார். டீச்சர் துடுப்புகளை அடுக்கப் போய்விட்டார்.

‘மறைக்கிறா’ என்று நினைத்தார்.

பதில் சொன்னால் தயார் பண்ணி வைத்தது. சொல்லாவிட்டால் மறைப்பது. டீச்சர்தான் பாவம், எந்தப் பக்கம் போவார்?

டீச்சர் இடுப்பில் எப்போதும் ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் இழுவைக் கயிறு. சாப்பிட உட்காரும்போதுகூட அதைக் கழற்ற மாட்டார். கனகவேல் அதையும் நோட்டில் எழுதினார். எதற்கு எழுதினார் என்று அவருக்கே தெரியாது. எழுதி வைத்தார்.

சமையல் பார்க்கும் சூசையைத் தனியாகப் பிடித்தார். சூசை மீனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சம்பவம் நடந்த இடம் எவ்வளவு தூரம் சூசை?”

“ஆறு மைலு இருக்கும்யா.”

“கரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?”

“டீச்சர் வேகத்துக்கு ரெண்டு மணி நேரம். இழுத்துட்டு வந்தா மூணு, மூணரை.”

“ஏழரைக்கு ஆளைக் காணோம். ஆறரைக்குத்தான் கரைக்கு வந்திருக்காங்க. மீதி ஏழு, எட்டு மணி நேரம் என்ன பண்ணாங்க?”

“தேடிச்சுய்யா.”

“நீங்க பார்த்தீங்களா?”

சூசை மீனைக் கீழே வைத்தார்.

“நான் எங்க பார்த்தேன். ஞாயித்துக்கிழமை. இந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை ஒரு வள்ளமும் இறங்காது, எல்லாரும் கோயிலுக்குப் போயிருவோம். டீச்சர் சாயங்காலம் வரைக்கும் கடல்ல கிடக்கிறதும் வழக்கம்தான். அதான் நான் வித்தியாசமா நினைக்கல. அந்த வருத்தம் எனக்குச் சாகற வரைக்கும் இருக்கும்யா.”

“வந்து இறங்கினப்ப என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. கை ரெண்டும் விரிக்க முடியல. துடுப்பைப் பிடிச்ச மேனிக்கே இருந்திச்சு. நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன். மறுநாள் விடியுமுன்ன ஊர்ல எல்லா வள்ளமும் இறங்கிச்சு. மூணு நாள் தேடினோம்.”

கனகவேல் நோட்டில் ‘விரல்’ என்று எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். எட்டு மணி நேரம் துடுப்புப் போட்டாலும் விரல் அப்படி ஆகும். நடிக்கவும் செய்யலாம்.

கல்நெஞ்சம் என்று சொல்லிவிடாதீர்கள். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அழுவதற்கு அவருக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. யார் மேலாவது கோபப்பட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் அழுகையைத் தள்ளிப்போடலாம், இல்லையா?

*

ஒன்பதாம் நாள் காலை வகுப்பு முடிந்து, மற்றவர்கள் போன பிறகு, டீச்சர் அவர் பக்கத்தில் மணலில் வந்து உட்கார்ந்தார்.

“உங்களுக்கும் நடேசன் சாருக்கும் ஒரே காது.”

கனகவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எப்ப தெரியும்?”

“முதல் நாளே.”

“தெரிஞ்சும் ஏன் சேர்த்தீங்க?”

“படிக்கணும்னு வந்தீங்க. சேர்த்தேன்.”

“நான் படிக்க வரல.”

“அதுவும் தெரியும் சார்.”

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? கனகவேல் நேராகவே கேட்டார்.

“அவனைக் காணோம்னதும் கரைக்கு வந்து ஆள் கூட்டிட்டுப் போயிருக்கலாமே?”

“போயிருக்கலாம். மழை விட்டதும் கிடைச்சிடுவார்னு நினைச்சேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தார், மிதப்பார்னு நினைச்சேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு நின்னுட்டேன். அது என் தப்புதான். எழுதிக்குங்க.”

அந்தத் தப்பு அவரைத் தின்றுகொண்டிருந்தது, பார்த்தாலே தெரிந்தது.

கனகவேலுக்குத் தெரியவில்லை. சின்னத் தப்பை ஒத்துக்கொண்டு பெரிய தப்பை மறைப்பது அவர் நூறு கடைக்காரர்களிடம் பார்த்த வித்தை.

“சரி. தேடினீங்கன்னு சொல்றீங்க. அப்புறம் அந்தக் காலிப் படகை எதுக்கு இழுத்துக்கிட்டே இருந்தீங்க? அதைச் சொல்லுங்க.”



“சொன்னா நம்புவீங்களா சார்?”

கனகவேல் யோசித்தார். இந்த ஒரு விஷயத்தில் அவர் யோக்கியமாக நடந்துகொண்டார்.

“மாட்டேன்.”

“அப்ப சொல்லி என்ன பிரயோஜனம்?”

டீச்சர் எழுந்து மணலைத் தட்டினார். கொட்டகைக்குள் போய் மஞ்சள் கயாக்கை ஒற்றை ஆளாகத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார். இடுப்பிலிருந்த கயிற்றுப் பையைக் கழற்றிக் கனகவேலின் இடுப்பில் கட்டினார்.

“முதல் நாள் கேட்டீங்கள்ல. இழுங்க.”

*

“எவ்வளவு கயிறு விடணும்?”

“உங்க இஷ்டம்.”

கனகவேல் ஆறடிக்குமேல் விடவில்லை. திரும்பினால் கண்ணில் படுகிற தூரத்திலேயே இருக்கட்டும் என்று நினைத்தார். கண்ணுக்குத் தெரியாததை அவர் ஆயுசில் நம்பியதில்லை.

அலை பின்னாலிருந்து வந்தது. காலிப் படகு அதன்மேல் ஏறி வந்து அவருடைய முதுகில் இடித்தது.

திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பியதும் அவருடைய படகும் திரும்பிக்கொண்டது. நேராக்குவதற்குள் அடுத்த அலை. அடுத்த இடி.

“டீச்சர், இந்தப் படகுல ஏதோ கோளாறு.”

“இல்ல சார்.”

“வேணும்னே கோளாறான படகைக் குடுத்திருக்கீங்க.”

“சரி சார்.”

இருபது நிமிஷத்தில் முதுகு கன்றிப்போனது. பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் டீச்சரே பக்கத்தில் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், அவருடைய இடுப்புப் பையிலிருந்து கயிற்றை எடுத்து எடுத்து விட்டுக்கொண்டே போனார். ஐம்பது அடி. காலிப் படகு வெகுதூரம் பின்னால் போனது.

இடி நின்றுவிட்டது.

அதற்கப்புறம் இடுப்பில் ஓர் இழுப்பு மட்டும். அலைக்கு ஒரு தரம். படகு பின்னாலேதான் வருகிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கனகவேல் பழக்கதோஷத்தில் இன்னும் நாலைந்து தடவை திரும்பிப் பார்த்தார். அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

டீச்சர் கயிற்றின் முடிச்சையும் காட்டினார். இடுப்பில் ஒரு சிவப்புக் குமிழ். பிடித்து ஓர் இழு இழுத்தால் போதும், கயிறு முழுக்கக் கழன்றுவிடும்.

“எப்ப வேணும்னாலும் விட்டுடலாம்.”

“நீங்க அன்னைக்கும் விட்டிருக்கலாம்.”

“ஒரு நொடி வேலை சார்.”

கரையேறும்போது கனகவேலுக்குத் தோள் இரண்டும் எரிந்தது. ஒரு மைல் இழுத்ததற்கே இந்தப் பாடு. ஆனால் மனதுக்குள் ஒரு குரூரமான திருப்தி. தேடியது பொய் என்பதற்கு அவருடைய உடம்பே சாட்சி சொல்லிவிட்டது. இந்தச் சுமையை வைத்துக்கொண்டு யாராலும் எட்டு மணி நேரம் ஒருவரைத் தேட முடியாது. தேட நினைக்கிற எவரும் அந்தக் குமிழை இழுத்திருப்பார்.

சாயங்காலம் சிவகாமிக்குப் போன் செய்தார்.

“தெரிஞ்சுபோச்சும்மா. விட்டுட்டுத்தான் வந்திருக்கா.”



“நிச்சயமா அத்தான்?”

“நானே இழுத்துப் பார்த்துட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சொல்ல மாட்டேங்குறா.”

“கேட்டுட்டு வாங்க. அவங்க வாயால வரணும்.”

போனை வைத்துவிட்டு மனுவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோணலாக விழுந்தது. தோள் வலி என்று சொல்லிக்கொண்டார்.

*

காலையில் டீச்சர் சொன்னார்: “இன்னைக்கு ஆழத்துக்குப் போறோம். நீங்களும் நானும் மட்டும். மஞ்சள் படகை நீங்க இழுக்கிறீங்க.”

அதே ஆள். அதே கடல். சாட்சிக்கு ஒரு நாதி கிடையாது.

‘அவனை முடிச்ச மாதிரியே என்னையும் முடிக்கப் போறா.’

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் சிவகாமி ‘அவங்க வாயால வரணும்’ என்று சொல்லிவிட்டாளே.

கிளம்பும் முன் மனுவை ஒரு கவரில் போட்டு ஒட்டி சூசையிடம் கொடுத்தார்.

“நான் திரும்பி வரலைன்னா இதை ஸ்டேஷன்ல குடுத்துடுங்க.”

சூசை கவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“ஏன்யா இப்படிப் பேசுறீங்க? வாடைக்காத்து கரையைப் பார்த்துத்தான் அடிக்குது. துடுப்பை விட்டாக்கூட அதுவே கொண்டுவந்து கரையில போட்டுடும்.”

“குடுங்கன்னா குடுங்க.”

போனார்கள்.

எதிர்க்காற்று. டீச்சர் முன்னால், சிவப்புக் கயாக்கில். கனகவேல் பின்னால். அவருக்குப் பின்னால் ஐம்பதடிக் கயிற்றில் நடேசனின் மஞ்சள் கயாக். டீச்சர் திரும்பியே பார்க்கவில்லை. கனகவேல் டீச்சரின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்த நொடியில் என்ன செய்வாரோ.

ஒன்றரை மணி நேரம் போனது. கரையில் பனைமரங்கள் ஒரு கோடாகி, அந்தக் கோடும் மறைந்துபோனது. அலை பெரிதாகிக்கொண்டே வந்தது. பள்ளத்தில் இறங்கினால் தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறினால் டீச்சர் தெரிவார். பள்ளம், மேடு. பள்ளம், மேடு.

ஒரு மேட்டில் ஏறினார். டீச்சர் இல்லை.

சிவப்புக் கயாக் மட்டும் இருந்தது. காலியாக.

முதலில் வந்தது சந்தேகம்தான். நாடகம் ஆடுகிறாள். எங்கேயோ ஒளிந்துகொண்டு பார்க்கிறாள்.

நடுக்கடலில் எங்கே ஒளிவது?

சிவப்புக் கயாக்கைக் காற்று தள்ளிக்கொண்டு வந்தது. அவரைத் தாண்டி, கைக்கு எட்டாத தூரத்தில், கரையைப் பார்த்துப் போய்விட்டது. அதற்குள் ஆள் இல்லை. துடுப்பும் இல்லை.



“டீச்சர்.”

பள்ளத்தில் இறங்கினார். ஒன்றுமில்லை. மேட்டில் ஏறினார். ஒன்றுமில்லை.

“டீச்சர், எங்க இருக்கீங்க?”

காற்று அவர் குரலை அவர் வாயிலேயே திணித்தது.

சூசையிடம் கொடுத்த கவர் ஞாபகம் வந்தது. இப்போது டீச்சர் கிடைக்காவிட்டால், அவர் மட்டும் தனியாக, பின்னால் ஒரு காலிப் படகோடு வெள்ளிமுனைக் கரையில் போய் இறங்க வேண்டும். டீச்சர் மேல் அவருக்கு இருந்த பகைக்குச் சாட்சியாக மூன்று பக்கம், அவர் கையெழுத்தோடு, அங்கே காத்திருக்கிறது. என்ன சொல்வார்? தேடினேன் என்றா?

அந்த நினைப்பும் ரொம்ப நேரம் நிற்கவில்லை. பயம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. நோட்டு, மனு, விருதுநகர், ஒன்றும் இல்லை. தண்ணீரில் ஒரு தலை தெரிய வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

துடுப்பைப் போட்டார். கயிறு பின்னாலிருந்து இழுத்தது. நாலு முறை போட்டால் இரண்டு முறைக்குண்டான தூரம்தான் நகர்ந்தது. முனகினார். கெட்ட வார்த்தைகூட வந்தது. ஒரு கை இடுப்புக்குப் போனது. சிவப்புக் குமிழைப் பிடித்தது.

பிடித்த கை அப்படியே ஒரு கணம் நின்றது.

பிறகு துடுப்புக்கே திரும்பியது.

இடது பக்கம் தேடினார். வலது பக்கம் தேடினார். வட்டமடித்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. அரை மணி என்று டீச்சர் பிற்பாடு சொன்னார். அவருக்கு அது ஒரு பகல்போல இருந்தது. கண்ணீரா உப்புத்தண்ணீரா தெரியவில்லை, கண் மறைத்தது. நடுவில் ஒரு தடவை “நடேசா” என்று கத்தினார். எதற்குக் கத்தினார் என்று அவருக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் அந்தப் பெயரை அவர் உரக்கச் சொன்னது அப்போதுதான்.

ஒரு மேட்டில் ஏறும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. லைஃப் ஜாக்கெட்.

பள்ளம் அதை விழுங்கியது. மறுபடி காட்டியது. மறுபடி விழுங்கியது. கனகவேல் அந்தத் திசையை மட்டும் விடவில்லை.

டீச்சர் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. துடுப்பை மார்போடு அணைத்திருந்தார். தானாக விழுந்தாரா, வேண்டுமென்றே இறங்கினாரா என்று கேட்க வேண்டிய கேள்வி அது. கனகவேலுக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

“கையைக் குடுங்க, கையைக் குடுங்க.”

டீச்சர் கொடுத்தார். கனகவேல் தன் படகின் மேலேயே அவரை ஏற்றப் பார்த்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் மொண்டது. இன்னொரு தடவை முயன்றார். கவிழப் பார்த்தது.

“விடுங்க சார். ரெண்டு பேரும் போயிடுவோம்.”

“சும்மா இருங்க.”

கனகவேல் துடுப்பை மடியில் போட்டார். பின்னால் கைவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தார். ஐம்பது அடி. உள்ளங்கைத் தோல் உரிந்தது. மஞ்சள் கயாக் அலையில் குதித்துக் குதித்து வந்து பக்கத்தில் சேர்ந்தது. அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, தன் படகோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். இப்போது இரண்டும் ஆடவில்லை.

“ஏறுங்க.”

டீச்சர் மஞ்சள் கயாக்கின் விளிம்பில் கையை வைத்தார். ஏறவில்லை. குளிரில் பல் தந்தியடித்தது. தலையை மட்டும் நிமிர்த்திக் கேட்டார்.

“இவ்வளவு நேரமா இதைக் கட்டி இழுத்துக்கிட்டா என்னைத் தேடினீங்க? அவிழ்த்து விட்டிருந்தா பாதி நேரத்துல என்கிட்ட வந்திருக்கலாமே சார்?”

கனகவேலுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. உயிர் போய் உயிர் வந்திருக்கிறது, இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது?

“அவிழ்த்து விட்டுட்டு வந்து, உங்களை எதுல உட்கார வெக்கிறது?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது.